பென்ஷன் புராணம்: உள்ளே போன பணம் வெளியே வருமா?

2026 ஜனவரி 3, சனிக்கிழமை. கல்யாண் ஸ்டேஷன் பக்கம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறேன், ஊரிலிருந்து தங்கச்சி போன். திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர்.

"அண்ணே, பென்ஷன் அறிவிச்சிட்டாங்க. டி.வி. பாத்தியா?"

"பழசா புதுசா?"

"அதைக் கேக்கத்தாண்ணே உனக்குப் போன் போட்டேன். பழசுங்கறான் ஒருத்தன், புதுசுங்கறான் ஒருத்தன், ரெண்டும் இல்லைங்கறான் இன்னொருத்தன்."

முருங்கைக்காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தவன்தான். படிக்கப் படிக்க இது தங்கச்சியின் கேள்வி மட்டும் இல்லை என்று தெரிந்தது. எங்கள் பில்டிங்கிலேயே இதற்கு மூன்று விடை குடியிருக்கிறது. கீழ்வீட்டு அண்ணாச்சி ரயில்வேயில் இருந்து 2002-ல் ஓய்வு பெற்றவர், 83 வயசு, முழு பென்ஷன். மூணாவது மாடி மராத்தி 'பாயி' (இங்கே பள்ளிக்கூட டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஜில்லா பரிஷத் பள்ளியில் வேலை, 2006-ல் சேர்ந்தவர், அவருக்குத் தேசிய பென்ஷன் திட்டம். ரெண்டுக்கும் நடுவில் தனியார் கம்பெனிக்காரன் நான். என் கதை கடைசியில், அது ரொம்பச் சின்னக் கதை.

ஒரு மாநிலம் தேசிய பென்ஷன் திட்டத்தை விட்டு வெளியே போகலாமா, போனால் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. இதைக் கட்சிச் சண்டையாகவே பேசிப் பேசி நமக்குப் பழகிவிட்டது. வரலாறாகப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கல்யாணிலேயே ஆரம்பிக்கலாம். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 1853-ல் ஓடிய ரயில், அடுத்த வருஷம் 1854 மே மாதமே கல்யாணுக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த லோகோ ஷெட்டும் யார்டும்தான் பல தமிழ்க் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அண்ணாச்சியின் அப்பா அப்படி வந்தவர். ஜி.ஐ.பி. ரயில்வே காலத்தில் நிலக்கரி அள்ளும் வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து ரயில்வேயில் பென்ஷனே கிடையாது, தெரியுமா? பிராவிடன்ட் ஃபண்ட்தான். தொழிலாளி கொஞ்சம் போடுவான், நிர்வாகம் கொஞ்சம் போடும், ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். 1957 நவம்பர் 16-ம் தேதிதான் ரயில்வேக்குப் பென்ஷன் திட்டம் வந்தது. அப்போது வேலையில் இருந்தவர்களிடம் எது வேண்டும் என்று கேட்டார்கள். மொத்தமாகப் பணமா, மாசா மாசம் பென்ஷனா?

அண்ணாச்சியின் அப்பா மொத்தப் பணத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் மட்டும் இல்லை, நிறைய பேர் அப்படித்தான் செய்தார்கள். அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. பம்பாயில் உழைத்தவனுக்கு ஊரில் ஒரு துண்டு வயல், ஒரு காரை வீடு, பெண்ணுக்குக் கல்யாணம், இதுதானே கனவு. அதற்கு மொத்தமாகப் பணம் வேண்டும். மாசம் அறுபது எழுபது ரூபாய் வந்து என்ன செய்ய? தவிர, 'நாளைக்கே நான் கண்ணை மூடிவிட்டால் பென்ஷன் நின்றுபோகுமே' என்ற பயமும் இருந்தது. மத்திய அரசில் விதவைகளுக்கு விரிவான குடும்ப பென்ஷன் வந்ததே 1964-ல்தான்.

1960-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். வயல் வாங்கினார், வீடு கட்டினார், ரெண்டு பெண்களைக் கரையேற்றினார். அதன் பிறகு இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார். அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் உட்பட. எழுபதுகளில் விலைவாசி எகிறியது. பென்ஷன் எடுத்தவர்களுக்குப் பஞ்சப்படி ஏறியது, சம்பளக் கமிஷன் வந்து பென்ஷனை ஏற்றிக் கொடுத்தது. இவருக்கு மகன் அனுப்பும் மணியார்டர்தான்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் அந்தக் கையெழுத்தப் பத்தித்தான் பேசுவாரு தம்பி. ஒரு கையெழுத்து, மாத்திப் போட்டிருந்தா..." என்பார் அண்ணாச்சி.

அரசாங்கம் இடையிடையே பலமுறை மாறிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தது, வேலையில் இருந்தவர்களுக்கு. ஓய்வு பெற்று வெளியே போனவர்கள் எங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் நம்பிப் போனது 1982 டிசம்பர் 17-ல் வந்த நகாரா வழக்கின் தீர்ப்பை. 'பென்ஷன் என்பது முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் தருமம் இல்லை, செய்த வேலைக்கு உரிய உரிமை' என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் ஆணித்தரமாக வந்தது. இன்றைக்கும் டிசம்பர் 17-ஐ பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1990 ஜூலையில் கிருஷ்ண குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரயில்வே பி.எஃப்.காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பென்ஷன்காரர் வேறு வகை, பி.எஃப்.காரர் வேறு வகை. பணத்தை எண்ணிக் கையில் கொடுத்த அன்றோடு பி.எஃப்.காரருக்கு அரசு செய்யவேண்டிய கடமை முடிந்தது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இந்தப் பழங்கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 2003-க்குப் பிறகு நடந்தது எல்லாம் இதே கதையின் அடுத்த பாகம்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. 1957-ல் தொழிலாளியைக் கேட்டார்கள். 2003-ல் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லா அரசாங்கங்களுக்கும் பென்ஷன் கணக்கைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. ஐந்தாவது சம்பளக் கமிஷன் 1997-ல் வந்த பிறகு செலவு குபுகுபுவென்று ஏறியது. பழைய பென்ஷனுக்கென்று தனியாகச் சேர்த்துவைத்த பணம் என்று எதுவும் கிடையாது. இந்த வருஷம் வரும் வரிப்பணத்திலிருந்து இந்த வருஷப் பென்ஷன். மனிதர்களின் ஆயுள் கூடியது, பாக்கியும் கூடியது. தவே கமிட்டி, பட்டாச்சார்யா கமிட்டி என்று அறிக்கைகள் வந்தன. வாஜ்பாய் அரசு 2003 டிசம்பர் 22-ல் அறிவிக்கை போட்டு, 2004 ஜனவரி 1 முதல் சேர்பவர்களுக்கு (ராணுவம் நீங்கலாக) புதுத் திட்டம் என்றது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். அரசின் பங்கு 2019-ல் 14 ஆனது. பணம் சந்தையில் வளரும், ஓய்வின்போது 60 சதவீதம் வரை கையில், குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி வாங்கவேண்டும். அதிலிருந்து மாசா மாசம் வருவதுதான் பென்ஷன். எவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அரசியல் சட்டத்தில் மாநில அரசு பென்ஷன் என்பது மாநிலப் பட்டியலில் 42-வது இனம். மத்திய அரசு எந்த மாநிலத்தையும் 'உள்ளே வா' என்று கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு மாநிலமும் தானாகவே உள்ளே போனது, ஒவ்வொரு தேதியில். மகாராஷ்டிரா 2005 நவம்பர் 1 முதல், கேரளா 2013 ஏப்ரலில். மேற்கு வங்காளம் கடைசி வரை போகவே இல்லை, இன்றும் பழைய பென்ஷன்தான்.

நம்ம ஊர்? நம்ம ஊர் மத்திய அரசுக்கே முன்னால் ஓடியது! 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான், அதாவது சி.பி.எஸ். அரசாணை ஆகஸ்டில் வந்து முன்தேதியிட்டு அமலானது. அந்த ஜூலை மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வூதியச் சலுகைகளில் கை வைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2 முதல் வேலைநிறுத்தம் செய்ய, ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 6-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகமாகவும் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனார்கள். அந்தக் களேபரத்தில் சி.பி.எஸ். பற்றிப் பேச யாருக்குத் தெம்பு இருந்திருக்கும்?

என் தங்கச்சி 2004-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாள். காலமுறை ஊதியம் வந்தது 2006 ஜூன் 1-ல். அன்றிலிருந்து மாசா மாசம் 10 சதவீதம் பிடித்தம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் தமிழ்நாட்டுக் கதை தனிக்கதை.

மற்ற மாநிலங்கள் பணத்தை மத்தியில் உள்ள அமைப்புக்கு அனுப்பின. ஒவ்வொரு ஊழியருக்கும் தனி எண், தனிக் கணக்கு, எஸ்.பி.ஐ., யு.டி.ஐ., எல்.ஐ.சி. நிதி மேலாளர்கள். எல்லாவற்றுக்கும் மேலே பி.எஃப்.ஆர்.டி.ஏ. என்ற ஆணையம், அதற்கு 2013-ல் சட்டம். தமிழ்நாடு அந்த ஆணையத்தோடு ஒப்பந்தமே போடவில்லை. ஜெயலலிதா வந்தார், கருணாநிதி வந்தார், மறுபடி ஜெயலலிதா, பிறகு எடப்பாடி, ஸ்டாலின். யாரும் போடவில்லை. பிடித்த பணமும் அரசின் பங்கும் மாநில அரசின் கையிலேயே இருந்தன. அரசுக் கணக்கில், குறுகியகாலக் கருவூலப் பத்திரங்களில், பிறகு ஒரு பகுதி எல்.ஐ.சி.யில். வட்டி ஜி.பி.எஃப். விகிதத்தில்.

இதனால் என்ன ஆனது? சி.பி.எஸ்.ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர்ந்த பணமும் வட்டியும் மொத்தமாகக் கிடைத்தது. பென்ஷன் என்று மாசா மாசம் ஒரு பைசா கிடையாது. பெயரிலேயே 'ஓய்வூதியம்' இருக்கிறது, திட்டத்தில் இல்லை! அண்ணாச்சியின் அப்பாவுக்கு 1957-ல் வந்த நிலைமை அப்படியே 2003-க்குப் பிறகு சேர்ந்த டீச்சருக்கு. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார், இவளுக்குக் கையெழுத்தே இல்லாமல் வந்தது.

2016-ல் ஒரு நிபுணர் குழு போட்டார்கள். 2018 நவம்பரில் அறிக்கை வந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பழைய பென்ஷன் திரும்பும் என்றது. ஜாக்டோ-ஜியோ போராட்டம் வருஷா வருஷம் பொங்கல் மாதிரி வந்துபோனது.

இப்போது வடக்கே போவோம். 2022 பிப்ரவரி 23, ராஜஸ்தான் பட்ஜெட். அசோக் கெலாட் எழுந்து 2004-க்குப் பிறகு சேர்ந்த எல்லோருக்கும் பழைய பென்ஷன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே சத்தீஸ்கர், அந்த வருஷமே ஜார்க்கண்ட், பஞ்சாப், 2023 ஜனவரியில் ஹிமாசல். ஐந்து மாநிலங்கள் வரிசையாகத் தேசியத் திட்டத்தை விட்டு வெளியே நடந்தன. நடந்துபோய்ப் பெட்டியைக் கேட்டன. இத்தனை வருஷம் நாங்கள் போட்ட பணம் எங்கே, திருப்பிக் கொடுங்கள் என்று. சத்தீஸ்கர் மட்டும் 17 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது.

'சட்டத்தில் இடமில்லை' என்று பதில் வந்தது. பணம் மாநிலத்தின் பெயரில் இல்லை, ஒவ்வொரு ஊழியரின் பெயரிலும் இருக்கிறது, அவர் ஓய்வு பெறும்போது அவருக்குத்தான் என்றது பி.எஃப்.ஆர்.டி.ஏ. மத்திய நிதி அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் அதையே சொன்னது. கெலாட்டும் பூபேஷ் பகேலும் கத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சத்தீஸ்கர் ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய பென்ஷன் வேண்டுமென்றால், அரசு உன் கணக்கில் போட்ட பங்கையும் அதன் லாபத்தையும் ஓய்வின்போது நீயே எடுத்து மாநிலக் கஜானாவில் கட்டிவிடு. ஊழியருக்குத் தலை சுற்றியது.

இதில் மத்திய அரசை வில்லனாக்குவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஊழியரின் பெயரில் உள்ள கணக்கிலிருந்து அவர் முதலாளி பணத்தை உருவிக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? அதே முதலாளி அந்தப் பணத்தை ரோடு போடச் செலவழித்துவிட்டால்? அந்தப் பூட்டு போட்டதே அதற்காகத்தான். மாநிலங்களின் தப்பு, உள்ளே போகும்போது வெளியே வரும் வாசல் எங்கே என்று யாரும் கேட்காததுதான்.

இதே கூத்து கனடாவிலும் நடக்கிறது. (கால்கரியில் இருக்கும் மச்சான் வாட்ஸப்பில் அனுப்பி அனுப்பி என் போன் நிறைந்துவிட்டது.) அங்கே 1966-ல் கனடா பென்ஷன் பிளான் தொடங்கியபோதே கியூபெக் மாகாணம் நான் வரவில்லை என்று தனித் திட்டம் வைத்துக்கொண்டது. அந்தப் பணத்தைத் தன் சொந்த நிதி நிறுவனத்தில் போட்டு மாகாணத்தையே கட்டியெழுப்பியது. ஆல்பர்ட்டா அப்போது உள்ளே போனது. எண்ணெய்ப் பணமும் இளைஞர் கூட்டமும் உள்ள மாகாணம் என்பதால், நாங்கள் போடுவது அதிகம் வாங்குவது குறைவு என்று அங்கே வெகுநாள் புகைச்சல். 2023 செப்டம்பரில் அந்த அரசு ஒரு அறிக்கை வெளியிட்டது. வெளியே போனால் தங்களுக்கு 33,400 கோடி டாலர் வரவேண்டும் என்று அதில் கணக்கு. மொத்த நிதியில் பாதிக்கும் மேல்! நாட்டு மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத மாகாணம் பாதிப் பெட்டியைக் கேட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கணக்கை மற்ற மாகாணங்களும் நிபுணர்கள் பலரும் ஏற்கவில்லை. அங்கே ஒரு நல்ல விஷயம், வெளியேற வழி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று வருஷ முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் போகக்கூடாது என்று ஆல்பர்ட்டாவே தனக்கு 2023-ல் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டது.

என் கண்ணுக்கு ராஜஸ்தான் ஒரு ஆல்பர்ட்டா, தமிழ்நாடு ஒரு கியூபெக். ஆனால் கியூபெக் தன் பெட்டியை நன்றாக வளர்த்தது. நாம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

மகாராஷ்டிராவுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் மாடி பாயி 2006-ல் ஷிக்ஷண் சேவக்காகச் சேர்ந்தவர். மூன்று வருஷம் மாசம் மூவாயிரம் ரூபாய் கௌரவ ஊதியம், அதற்குப் பிறகுதான் முழுச் சம்பளம். (நம்ம தொகுப்பூதியம் மாதிரியே. இந்த விஷயத்தில் மாநிலங்களுக்குள் என்ன ஒற்றுமை!) முதலில் மாநிலத் திட்டம், பிறகு அது தேசியத் திட்டத்தோடு இணைந்தது. அந்த மாற்றத்தில் அவருடைய சில வருஷப் பிடித்தம் கணக்கில் ஏறாமல் தொங்கியது. எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. அவர் சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார்.

2022 டிசம்பரில் நாக்பூர் சட்டமன்றக் கூட்டத்தில் ஃபட்னாவிஸ், பழைய பென்ஷன் கொடுத்தால் 1.10 லட்சம் கோடி சுமை, மாநிலம் திவாலாகும் என்றார். அடுத்த ரெண்டு மாதத்துக்குள் நாக்பூர் ஆசிரியர் தொகுதியில் பா.ஜ.க. ஆதரித்த வேட்பாளர் தோற்றார். 2023 மார்ச் 14-ம் தேதி சுமார் 17 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம். 'ஏகச் மிஷன், ஜூனி பென்ஷன்' என்று தெருவெல்லாம் கோஷம். ஒரே லட்சியம், பழைய பென்ஷன் என்று அர்த்தம். பாயி காலையில் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்புவார், அதில் அதே வாசகம். ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் இல்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா தன் மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு அலைந்தார். அவர் பாயியைப் பார்த்து மராத்தியில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பாயி, உங்களுக்குப் பென்ஷன் வேணும்னு சண்டை போடறீங்க, சரி. எனக்கு எது?" பாயி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. தாராவியில் தோல் தைத்தவருக்கும், மூடிப்போன மில்லில் நூல் நூற்றவருக்கும், இட்லி விற்றவருக்கும் பென்ஷன் ஏது? 2015-ல் வந்த அடல் பென்ஷன் யோஜனாவில் மாசம் 1,000 முதல் 5,000 வரை, அதுவும் அவர்களே கட்டினால். எனக்கு? இ.பி.எஸ்.-95. கம்பெனி என் பெயரில் மாசம் அதிகபட்சம் 1,250 ரூபாய் கட்டுகிறது. பென்ஷனுக்குக் கணக்கில் வரும் வேலைக்காலம் முப்பது வருஷம் என்றால் 15,000 பெருக்கல் 30 வகுத்தல் 70, ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம். சொன்னேனே, ரொம்பச் சின்னக் கதை என்று :-)

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் இதழில் ஒரு கட்டுரை போட்டது. எல்லா மாநிலமும் பழைய பென்ஷனுக்குத் திரும்பினால் செலவு தேசியத் திட்டத்தைப் போல் நாலரை மடங்கு வரை போகலாம் என்று. சங்கக்காரர்கள் அதைத் திட்டினார்கள். ஆனால் அதே பக்கத்தில் இருந்த இன்னொரு சங்கதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெளியே போகிற மாநிலத்துக்கு முதலில் மிச்சம்தான்! மாசா மாசம் போட்ட பங்கைப் போடவேண்டியதில்லை, பிடித்தமும் கஜானாவிலேயே நிற்கும். 2004-ல் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் ஓய்வு பெறுவது 2037, 2039-ல். பில் அப்போதுதான் வரும். அறிவித்த முதலமைச்சர் அப்போது எங்கே இருப்பாரோ. கெலாட்டின் பட்ஜெட் 2022-ல் கைதட்டல் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்காக தேசியத் திட்டம் போதும் என்று சொல்லவரவில்லை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு டீச்சருக்கு 40 லட்சம் சேர்ந்தது. அதில் 40 சதவீதம், 16 லட்சத்துக்கு ஆன்யுட்டி, வருஷம் 6 சதவீதம் என்றால் மாசம் 8,000. பத்து வருஷம் கழித்தும் அதே 8,000. பக்கத்து வீட்டில் 60,000 அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெற்ற பழைய டீச்சருக்கு 30,000, அதன் மேல் பஞ்சப்படி. கீழ்வீட்டு அண்ணாச்சிக்கு 80 வயசு ஆனதும் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடவும் கொடுத்தார்கள். ஒரே வேலை, ஒரே பள்ளி, சேர்ந்த தேதி மட்டும் வேறு. இதை அநியாயம் என்று சொல்ல யூனியன் தலைவராக இருக்கவேண்டியதில்லை.

மார்ச் 20-ம் தேதி வாக்குறுதி வாங்கிக்கொண்டு வேலைநிறுத்தம் முடிந்தது. அந்த வாரமே டில்லியிலும் ஒரு குழு அறிவித்தார்கள். தலைவர் டி.வி. சோமநாதன், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். அந்தக் குழுவின் வேலையிலிருந்துதான் 2024 ஆகஸ்ட் 24-ல் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் வந்தது. 25 வருஷம் வேலை பார்த்தால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி, பஞ்சப்படி உண்டு, ஊழியர் 10 சதவீதம் போடவேண்டும், அரசு 18.5 சதவீதம். மறுநாளே அதை ஏற்றுக்கொண்ட முதல் மாநிலம் மகாராஷ்டிரா. அதாவது வெளியே போகாமல், உள்ளேயே இருந்துகொண்டு வீட்டை இடித்துக் கட்டியது. பாயிக்கு இன்னும் திருப்தியில்லை. இது ஜூனியும் இல்லை, நவீயும் இல்லை என்கிறார். மத்திய அரசு ஊழியர்களிலும் இந்தத் திட்டத்துக்கு மாறியவர்கள் குறைவுதான். ஒரு கையெழுத்து என்றால் இந்த நாட்டில் யாருக்கும் கை நடுங்குகிறது. அண்ணாச்சியின் அப்பாவை நினைத்தால் நடுங்காமல் என்ன செய்யும்?

இனி தங்கச்சிக்குப் பதில். ககன்தீப் சிங் பேடி தலைமையில் 2025 பிப்ரவரியில் போட்ட குழு டிசம்பர் 30-ல் இறுதி அறிக்கை கொடுத்தது. ஜனவரி 3-ல் ஸ்டாலின் அறிவித்தது 'தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்'. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, பஞ்சப்படியோடு. குடும்ப பென்ஷன் 60 சதவீதம். பணிக்கொடை 25 லட்சம் வரை. ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். அரசு முதலில் 13,000 கோடி போடும், அப்புறம் வருஷா வருஷம் சுமார் 11,000 கோடி என்று அறிவிப்பு.

நேரே சொன்னால், பழைய பென்ஷனின் உறுதி, புதுப் பென்ஷனின் பிடித்தம். எனக்கு இது ராஜஸ்தான் வழியை விட மேலாகத் தெரிகிறது. பில்லை 2039-க்குத் தள்ளாமல் இப்போதே வருஷா வருஷம் பணம் எடுத்துவைக்கச் சொல்கிறது. டில்லியிடம் சாவி கேட்டு நிற்கவேண்டியதில்லை, ஏனென்றால் நாம் பெட்டியை அங்கே கொடுக்கவே இல்லை. இருபது வருஷம் ஒப்பந்தம் போடாமல் இழுத்தடித்தது தொலைநோக்கா சோம்பேறித்தனமா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் இன்றைக்கு உதவுகிறது. ஆனால் பெட்டி மாநில அரசின் கையில் இருக்கிறது என்பதே பயமும்கூட. வருஷம் 11,000 கோடியை ஒரு வருஷம் போடாமல் விட்டால் எந்த பி.எஃப்.ஆர்.டி.ஏ. வந்து கேட்கும்? இந்த இடத்தில் ஒரு சட்டம் வேண்டும். நிதியை மாநில பட்ஜெட்டிலிருந்து பிரித்து, ஊழியர் பிரதிநிதியும் உட்கார்ந்த தனி அறக்கட்டளையில் வைத்து, கணக்கை வருஷா வருஷம் வெளியிடவேண்டும் என்று. மாநிலம் வெளியே நிற்கலாம், நிற்க உரிமை உண்டு. ஆனால் பூட்டைக் கழற்றிவிட்டு நிற்கக்கூடாது.

இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரியே போனில் சொன்னேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் இப்ப என்ன செய்யணும்ணே?"

"2006 ஜூன்லேர்ந்து பிடிச்ச பணத்துக்குக் கணக்குச் சீட்டு வருஷாவருஷம் வச்சிருக்கியா?"

"நாலஞ்சு வருஷம் இல்ல."

"நாளைக்கே எடு. பிரிண்ட் போட்டு ஒரு டின்ல போட்டு வை."

"டின்னா? எதுக்கு?"

மாடி பாயி கதையைச் சொன்னேன். சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் இந்தப் பேச்சை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழுப்பு நிறக் கவரைக் கொண்டுவந்தார். உள்ளே அவர் அப்பா 1957-க்குப் பிறகு எழுதிக் கொடுத்த விருப்பக் கடிதத்தின் நகல். இங்கிலீஷில் டைப் அடித்த ரெண்டு வரி. கீழே தமிழில் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நிறுத்தி நிதானமாகப் போட்டது.